மதியம்: கோபம்

சஃபாக்ஸ்,
12 ஏப்ரல் 1992

அன்புள்ள ஷாத்லியா சித்திக்கு,

ரௌதா எழுதுவது. நீங்கள் படகில் கொடுத்தனுப்பிய ரத்தச் சர்க்கரை நோட்டு வெள்ளிக்கிழமை கிடைத்தது. நேற்றுப் பள்ளி விட்டதும் அதைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நர்ஸ் நஸீஹா கையில் கொடுத்தேன். ஆறு மாத வயிற்றோடு வாராவாரம் கர்க்கனா தீவிலிருந்து படகேறி வர வேண்டாம், நோட்டு வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னபோது, அதைக் கொண்டுபோகும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். எனவே இனி வாராவாரம் எழுதுவேன். கடைப் போனில் பேசலாம்தான். ஆனால் நீங்கள் அங்கே நின்று 'சர்க்கரை' என்று ஒரு வார்த்தை சொன்னால், சாயங்காலத்துக்குள் அத்தாயா ஊரே உங்கள் ரத்தத்தைப் பற்றிப் பேசும்.

மார்செயிலிருந்து மாமா அனுப்பிய சர்க்கரை பார்க்கும் இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்று நர்ஸ் சொன்னார். காலை வெறும் வயிற்றில் லிட்டர் ரத்தத்துக்கு 0.88 கிராம், 0.91, 0.86. 'அழகு' என்றார். இரவு எண்களும் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தவற்றைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். 1.85, 1.92, 1.79, 1.96. ஏழு நாளும் இப்படித்தான்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மே பத்துக்குள்ள மதிய எண் ஒன்னு இருபதுக்குக் கீழ வரணும். வரலைன்னா இங்கயே படுக்க வெச்சு ஊசி போட்டு, ஜூலைல பிரசவம் ஆனப்புறம்தான் வீட்டுக்கு அனுப்புவேன்." தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது குழந்தைக்கும் போகும், குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்ததும் அதன் சர்க்கரை சட்டென்று விழும். இதையெல்லாம் நர்ஸ் எனக்குப் படம் போட்டுக் காட்டினார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் சித்தி. ஈத் பலகாரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

அம்மா உங்களுக்காக மக்ரூத் பலகார டப்பாவை எடுத்து வைத்திருந்தாள். நான் கண்டிப்பாகத் தடுத்துவிட்டேன். அதனால், ஈதுக்கு நீங்கள் கிளறியது தீர்ந்திருக்கும் என்று, மீனுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு ஜாடி ஷர்மூலா மட்டும் இத்துடன் வருகிறது. இந்த வருடம் அம்மா பெரிய அண்டாவில் கிளறினாள். வெங்காயம் உரித்தும் திராட்சைக் காம்பு கிள்ளியும் என் நகம் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

உங்கள் ரௌதா

*

அத்தாயா, கர்க்கனா,
16 ஏப்ரல்

ரௌதா கண்ணு, என் டாக்டரம்மா,

ஜாடி வந்தது, கடிதமும் வந்தது. ஜாடி பாதி காலி. உன் சித்தப்பா முக்தார் நேற்றுப் பிடித்து வந்த மீன் அப்படி. உன் அம்மாவின் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று அவளிடம் சொல்.

இனிப்பா? நானா? கேள். எட்டு வருஷம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. அதற்காக நான் பேரீச்சம்பழத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சர்க்கரை போடாத காபி குடிக்கிறேன். அதைக் காபி என்று சொல்வது காபிக்கே அவமானம். ஈத் பலகாரம் எல்லாவற்றையும் அடுத்த நாளே பக்கத்து வீட்டு மப்ரூக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதிலேயே ஒரு பக்லவாவை எடுத்துக்கொண்டு வந்து என் வாய்க்கு நேராக நீட்டுகிறாள்.

"மசக்கைக்காரி ஆசையை அடக்கினா பிள்ளை நெத்தியில பக்லவா மச்சத்தோட பொறக்கும்டி!"

"பொறக்கட்டுமே. கல்யாணத்துக்குப் பலகாரச் செலவு மிச்சம்," என்றேன்.

மதியம் என்ன சாப்பிடுகிறேன் என்றுதான் நோட்டில் இருக்கிறதே. மீன், சாலட், கால் ரொட்டி. உங்கள் டாக்டர் கொடுத்த தாளில் உள்ளபடி ரொட்டியை உன் சித்தப்பா மீன் வெட்டும் கத்தியால் அளந்து வெட்டுகிறார். கொஞ்சம் பெரிதாய் வெட்டினால் நானே திட்டுகிறேன்.

ஊசிக்கு நான் பயப்படவில்லை. மூன்று மாதம் கடல் தெரியாத ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடக்க முடியாது. அதுதான் பயம். பிள்ளைக்கு நல்லது என்றால் அதையும் செய்வேன். ஆனால் செய்யாத தப்புக்குச் செய்ய மாட்டேன்.

சித்தி

*

சஃபாக்ஸ்,
21 ஏப்ரல்

அன்புள்ள சித்திக்கு,

இந்த வாரமும் மதியம் 1.90க்குக் கீழே ஒரு எண்கூட இல்லை. சனிக்கிழமை 2.04.

நூலகத்திலிருந்து தடித்த மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். பிரெஞ்சில் உள்ளது, நிறைய வார்த்தைகளுக்கு அகராதி தேவைப்பட்டது. கர்ப்பத்தில் வரும் சர்க்கரை நோய் பற்றி இருபத்திரண்டு பக்கம். எல்லாவற்றையும் படித்தேன். பிறகு உங்கள் நோட்டை எதிரே வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குத் தெரிந்தவரை மூன்று விளக்கங்கள்தான் உண்டு. இயந்திரம் கெட்டிருக்க வேண்டும். ஆனால் அது காலையில் சரியாகத்தான் காட்டுகிறது. அல்லது நீங்கள் சாப்பிட்டதை எழுத மறந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் எதையும் மறப்பவர் அல்ல, நான் நான்கு வயதில் உங்கள் செருப்பைக் கிணற்றில் போட்டதை இன்னும் சொல்கிறீர்கள். மீதி இருப்பது ஒன்று. அதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்: நீங்கள் மறைக்கிறீர்கள்.

எண்கள் பொய் சொல்லாது சித்தி. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆசை இயற்கைதான் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் பத்தொன்பது நாள்தான் மிச்சம்.

நோட்டில் நான் சிவப்பு மையில் ஒரு புதுக் கட்டம் போட்டிருக்கிறேன். 'இனிப்பு' என்று தலைப்பு. தினமும் அதில் உண்மையை எழுதுங்கள். காலையில் நர்ஸ் கொடுத்த சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து அதன் நிறத்தை எழுதவும் மறக்க வேண்டாம், அது வேறு ஏதோ முக்கியமான பரிசோதனையாம்.

அம்மா இரண்டாவது ஜாடி அனுப்புகிறாள்.

அன்புடன்,
ரௌதா

*

அத்தாயா,
25 ஏப்ரல்

ரௌதாவுக்கு,

உன் கடிதத்தை உன் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சின்னப் பொண்ணு, விடு," என்றார். விடுகிறேன்.

பதினாலு வயதில் நீ எனக்கு 'உண்மையை எழுதுங்கள்' என்று சிவப்பு மையில் கட்டம் போட்டுத் தருகிறாய். என் வயிற்றில் இருப்பதன் மேல் ஆணையாக நான் இனிப்பு தொடவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உனக்கு நல்ல எண்தானே வேண்டும்? வரும். நோட்டு வாராவாரம் வரும். கடிதம் வராது.

ஷாத்லியா

*

சஃபாக்ஸ்,
4 மே, மதியம்

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். நோட்டு வந்தது! பள்ளிக்கூட வாசலிலேயே பிரித்துப் பார்த்துவிட்டேன். மதியம் 0.84! 0.79! 0.81! துள்ளிக் குதித்ததில் பையிலிருந்த இங்க் புட்டி கவிழ்ந்து வரலாற்றுப் புத்தகம் நீலமாகிவிட்டது. பார்த்தீர்களா? நான் சொன்னதும் இனிப்பை நிறுத்தினீர்கள், எண் இறங்கிவிட்டது. இதற்குப் போய்க் கோபமா? நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். நர்ஸ் நஸீஹா என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.

மாலை

சித்தி, உடனே சாப்பிடுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஏதாவது சாப்பிடுங்கள்.

நான் எண்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். சாப்பாட்டுக் கட்டத்தை நர்ஸ்தான் சத்தமாகப் படித்தார். "காலை: காபி, ரொட்டித் துண்டு. மதியம்: கோபம். இரவு: சூப்." அடுத்த நாளும் அதேதான். "மதியம்: கோபம்." அதற்கடுத்த நாளும். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் பாதி சிரித்துவிட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை.

"இவ மத்தியானம் சாப்பிடவே இல்ல," என்றார். பிறகு விரலைச் சிறுநீர்ப் பட்டைக் கட்டத்துக்கு நகர்த்தினார். எல்லா நாளும் நீங்கள் ஒளிக்காமல் எழுதியிருந்தீர்கள்: ஊதா, ஊதா, கரு ஊதா.

"நல்ல நம்பர்னு குதிச்சியாக்கும்? பட்டினி கிடந்தா நம்பர் இறங்கத்தான் செய்யும். ஆனா ரெண்டு உசுருக்குச் சாப்பாடு வேணுமே! அது கிடைக்காம உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்குது. எரிஞ்ச மிச்சம் ரத்தத்துல அமிலமாச் சேருது. அதோட பேரு கீட்டோன், பட்டையை ஊதாவாக்குறது அதுதான். சர்க்கரை கூடினாலாவது யோசிக்க நேரம் இருக்கும். இதுக்கு இல்ல."

அவரே கடைக்குப் போன் போட்டு, சித்தப்பாவைக் கூப்பிட்டு, நாளை முதல் படகிலேயே உங்களை அழைத்து வரச் சொல்லிவிட்டார். நான் சொல்ல வேண்டியதைக் கடைப் போனில் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தை இரவுப் படகில் கொடுத்து அனுப்புகிறேன்.

அந்த 'மறைக்கிறீர்கள்' என்ற வரியை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். எண் ஏன் ஏறியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் சாப்பிடாமல் இருந்ததற்கு யார் காரணம் என்று தெரியும்.

சாப்பிடுங்கள் சித்தி.

ரௌதா

*

அத்தாயா,
9 மே

ரௌதா,

கடிதம் எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். மூன்று நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்து, கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு யோசித்ததில் கோபம் பாதிதான் மிச்சம். நர்ஸ் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பாதியையும் எரித்துவிட வேண்டுமாம், அதிலும் கீட்டோன் வருமோ என்னவோ.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். கடைசி இரண்டு நாளும் குமட்டலும் தலைசுற்றலும்தான். உன் சித்தப்பா என் பக்கத்தில் வந்து மோப்பம் பிடித்துவிட்டு, "என்னடி, உன் மூச்சுல பெயிண்ட் கடை வாசனை?" என்றார். "நீதான் படகுக்குப் பெயிண்ட் அடிச்ச, போய்க் குளி," என்றேன். பாவம், மனுஷன் இரண்டு தடவை குளித்தார். அது என் வாய் வாசனைதான், அந்த அமிலத்தின் வாசனை என்று டாக்டர் சொன்னதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இனி சாகும்வரை எனக்குச் சொல்லிக் காட்டுவார்.

பட்டை வெளுத்துவிட்டது. குழந்தையின் இதயம் குதிரை ஓடுவது போல் ஓடுகிறது, நானே காது கொடுத்துக் கேட்டேன். மே கடைசி வரை டாக்டர் இன்னொரு தவணை கொடுத்திருக்கிறார். வேளைக்கு வேளை சாப்பிட வேண்டும், எண்ணும் இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மதியம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். 1.94.

வார்டு வாசலில் நீ புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தாய்.

சரி. உனக்கு ஒரு வேலை தருகிறேன். நீ படிப்பாளி, பள்ளியில் சோதனைக் குழாயெல்லாம் இருக்கிறது என்று பெருமையடிப்பாய். புதன்கிழமை உன் சித்தப்பா காலைப் படகில் என் மதியச் சாப்பாட்டை அப்படியே தூக்குச் சட்டியில் கொண்டு வருவார். நான் தட்டில் போட்டுக்கொள்வதெல்லாம் அதில் இருக்கும், ஒரு பருக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இனிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடி. கண்டுபிடிக்காவிட்டால் அந்தச் சிவப்பு மைப் புட்டியை நீ குடிக்க வேண்டும்.

சித்தி

*

சஃபாக்ஸ்,
14 மே

அன்புள்ள சித்திக்கு,

சிவப்பு மையைக் குடிக்க வேண்டியதில்லை. ஆனால் குடித்தாலும் தகும். முறையாகச் சொல்கிறேன்.

எங்கள் வேதியியல் ஆசிரியர் ஃபாரெஸ் சார் கெஃப் மலையூர்க்காரர், இந்த வருடம்தான் மாற்றலாகி வந்தார். பெலிங் கரைசல் என்ற நீல மருந்து அவரிடம் உண்டு. அதோடு சேர்த்துச் சூடாக்கினால், பழம், தேன் போன்றவற்றில் உள்ள சர்க்கரை இருக்கும் பொருள் செங்கல் சிவப்பாகிவிடும். நான் காரணத்தைச் சொன்னதும் வகுப்பு முழுவதற்கும் அதையே அன்றைய பாடமாக்கிவிட்டார்.

தூக்குச் சட்டியைத் திறந்தேன். மீன் ஒரு குழாயில். நீலம். வெள்ளரி சாலட். கொஞ்சம் பச்சையடித்தது, அவ்வளவுதான். ரொட்டி. நீலம். "ரொட்டி நல்ல பிள்ளைன்னு நினைக்காதீங்க," என்றார் சார், "அதுல மாவுச்சத்து இருக்கு, வயித்துக்குள்ள போய்தான் சர்க்கரையாகும். அதனாலதான் அளவு." நான் குறித்துக்கொண்டேன். இனிப்பு எங்குமே இல்லை.

அப்போது சார் சட்டியின் கடைசி அடுக்கை எட்டிப் பார்த்து, "இந்த ஜாம் எதுக்கு?" என்றார்.

வகுப்பே சிரித்தது. "ஜாம் இல்ல சார், ஷர்மூலா! மீனுக்குத் தொட்டுக்கறது!"

"மீனுக்கா? ஜாமையா?"

"ஐயோ சார், அது வெங்காயம்!"

"வெங்காயம் மட்டுமா?"

"எண்ணெய் சார்." "பட்டை, கிராம்பு." "கொத்தமல்லி விதை."

"அப்புறம்?"

எனக்கு என் நகம் ஞாபகம் வந்தது. "உலர்திராட்சை சார்," என்றேன்.

"எவ்வளவு போடுவீங்க?"

"வெங்காயம் எவ்வளவோ, அவ்வளவு."

அவர் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, நீலத்தில் ஊற்றிச் சுடரில் காட்டினார். முதலில் பச்சை. பிறகு மஞ்சள். பிறகு சித்தி, நான் வாழ்நாளில் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. எங்கள் பள்ளிச் சுவர் அந்த அளவுக்குச் சிவப்பில்லை. முப்பது சஃபாக்ஸ்காரிகளும் குழாயைச் சுற்றிக் கூடினோம். பிறந்ததிலிருந்து மீனோடு சாப்பிட்டோமே தவிர ஒருத்திக்கும் அது இனிப்பென்று தோன்றவில்லை. இனிப்பென்றால் தட்டில் தனியாக வரும், காபியோடு வரும். மீன் மேல் வருவது இனிப்பாக இருக்குமென்று யார் நினைப்பார்கள்? நோட்டில் நீங்கள் அதை எழுதாததும் அதனால்தான். உப்பை யார் எழுதுகிறார்கள்?

குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நர்ஸ் நஸீஹாவிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடியே, உன் சித்தி 'மீன்'னு எழுதினப்பல்லாம் நானும் மனசுல ஷர்மூலாவோட சேர்த்துத்தான் படிச்சேன். இன்னிக்கு மத்தியானம் நானே அதைத்தானே சாப்பிட்டேன்!" என்றார். இனி சஃபாக்ஸ் பெண்கள் எல்லோரிடமும் மீனைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கேட்கப்போகிறாராம்.

நான்காவது விளக்கம் ஒன்று இருந்திருக்கிறது, அது என் புத்தகத்தில் இல்லை. நீங்கள் உண்மை சொன்னீர்கள், எண்ணும் உண்மை சொன்னது. இரண்டையும் ஒன்றாக நம்ப எனக்குத் தெரியவில்லை. போதாததற்கு, மக்ரூத் டப்பாவைத் தடுத்த அதே கையால் இரண்டு ஜாடி சர்க்கரையை உங்களுக்கு அனுப்பியவளும் நான்தான்.

மன்னித்துவிடுங்கள் சித்தி. இதைக் கறுப்பு மையில் எழுதுகிறேன், சிவப்புப் புட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் ரௌதா

*

அத்தாயா,
23 மே

என் ரௌதா கண்ணு,

திங்கள் 1.14. செவ்வாய் 1.09. புதன் 1.17. வியாழன் 1.11. வெள்ளி 1.08. பட்டை பால் போல் வெளுப்பு. ஐந்து நாளும் மீனுக்கு எலுமிச்சையும் சீரகமும்தான். மதியக் கட்டத்தில் இப்போது உப்பைக்கூட எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

ஷர்மூலா ஜாடியை மப்ரூக்காவிடம் கொடுத்தபோது ஏன் என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் பறந்தது. "ஷர்மூலால சர்க்கரையா? அப்போ கடல்ல உப்பு இருக்குன்னும் சொல்லுவியா?" என்கிறாள். கடலில் உப்பு இருக்கிறதே என்றேன். உடனே ஜாடியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

உன் மேல் கோபம் தீர்ந்தது எப்போது தெரியுமா? செங்கல் சிவப்பைப் படித்தபோது இல்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாயே, அப்போதே. ஆனால் உடனே சொன்னால் நீ கெட்டுப்போவாய் என்று வைத்திருந்தேன்.

ஜன்னலில் கடல் தெரிகிறது. இனி தவணை எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிரசவத்துக்கு வந்தால் போதுமாம்.

ஒரு விஷயம், யாரிடமும் சொல்லாதே. பக்லவா மேல் எனக்கு ஒரு நாளும் ஆசை வந்ததில்லை. இந்த ஐந்து நாளாக ஷர்மூலாவை நினைத்தால் நாக்கில் தண்ணீர் ஊறுகிறது. அண்டா அண்டாவாக.

சித்தி

*

அத்தாயா,
31 ஜூலை

தூனிஸ் நகரில் அறிவியல் பரிசு வாங்கிக்கொண்டிருக்கும் பெரிய மனுஷிக்கு,

நீ பெரியப்பா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து உன் தங்கச்சி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, 26ஆம் தேதி. மூன்று கிலோ இருநூறு. பெருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை. நர்ஸ் நஸீஹா தராசைப் பார்த்துக் கை தட்டினார்.

நர்ஸ் படம் போட்டுக் காட்டியதாக நீ எழுதினாயே, பிறந்ததும் குழந்தையின் சர்க்கரை விழும் என்று. குதிகாலில் குத்தி எடுத்தார்கள். முதல் எண் கொஞ்சம் தாழ்வுதான். உன் சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பால் குடுங்க, சரியாப் போயிடும்," என்றார்கள். குடித்தாள் பார், மீனவன் மகள் இல்லையா, வாயை வைத்ததும் விடவில்லை. அடுத்த எண் சரி, அதற்கடுத்தது அதைவிடச் சரி. எனக்கும் மதியம் 1.02.

இப்போது கேள். வீட்டுக்கு வந்ததும் மப்ரூக்கா பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெற்றியில் பக்லவா இல்லை என்று அவளுக்கு ஏமாற்றம். பிறகு கழுத்துக்குப் பின்னால் மயிரை விலக்கிவிட்டு ஒரு கூச்சல் போட்டாள். சின்னதாக, பழுப்பாக, கொஞ்சம் சுருங்கினாற்போல ஒரு மச்சம். சாட்சாத் உலர்திராட்சை!

"நான் சொல்லல? நான் சொல்லல?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நீ எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம். நேரில் வந்து பார்.

சித்தி

*

தூனிஸ்,
4 ஆகஸ்ட்

அன்புள்ள சித்திக்கும் என் தங்கச்சிக்கும்,

புத்தகத்தைப் புரட்டிவிட்டேன். மச்சம் என்பது தோலில் நிறம் ஓரிடத்தில் சேர்வதால் வருவது, தாயின் ஆசைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. மப்ரூக்கா அக்காவிடம் சொல்லுங்கள். இருந்தாலும் அதன் நீளம், அகலம், நிறம் மூன்றையும் வந்து நானே அளந்து குறிக்கிறேன். ஒருவேளை தேவைப்படலாம்.

சனிக்கிழமை சஃபாக்ஸ் வந்து, காலைப் படகில் உங்களிடம் வருகிறேன். பெரியப்பா வீட்டு அடுப்பில் நேற்று முழுக்க நின்று நானே ஒரு காரியம் செய்தேன். வெங்காயம் அரைக் கிலோ, உலர்திராட்சை அரைக் கிலோ, எடைக்கல் வைத்து நிறுத்தேன். பெரியம்மா இந்த ஊர்க்காரி, எட்டிப் பார்த்து, "ஜாம் கிளறுறியா?" என்றாள். ஆமாம் பெரியம்மா என்றேன். சண்டை போடவில்லை.

நர்ஸ் நஸீஹாவிடம் கேட்டுவிட்டுத்தான் கொண்டு வர வேண்டும் என்று முன்பே அவருக்கு எழுதியிருந்தேன். பதில் இன்று வந்தது: மீனோடு, நாளுக்கு இரண்டு கரண்டி, நோட்டில் எழுத வேண்டும்.

கரண்டி எவ்வளவு பெரியது என்று அவர் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கரண்டிகளை எனக்குத் தெரியும் சித்தி. கரண்டியையும் நானே கொண்டு வருகிறேன்.

உங்கள் ரௌதா